சில்லறை போன வழி
(நாகமலை அடிவாரம் – பகுதி 17)

ரொக்கம் குறைந்த கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் 2016 நவம்பர் 8, இரவு எட்டு மணியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பிரதமர் தொலைக்காட்சியில் வந்தார், ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார், மறுநாளே தேசம் செல்போனைத் தடவ ஆரம்பித்துவிட்டது என்பதுபோல. சொல்வதற்குச் சுருக்கமாக இருக்கிறது. நடந்தது அப்படியில்லை. மதுரையிலிருந்து தேனி ரோட்டில் காளவாசல், விராட்டிபத்து, அச்சம்பத்து கடந்து நாகமலை புதுக்கோட்டைக்கு வரும் வழியிலுள்ள கடைகளை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் கதை வேறு திசையில் ஓடுகிறது. அதைப் பிடிக்க நவம்பர் 8க்கு முன்னால் வெகுதூரம் போக வேண்டும்.

சென்ற பகுதியில் கொங்கர் புளியங்குளம், முத்துப்பட்டிக் குகைத்தளங்களைப் பார்த்துவிட்டு அழகர்மலை வரை போய் வந்தோம். உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், மதுரைப் பொற்கொல்லன் என்று சமணர்க்குக் கொடை கொடுத்தவர்களின் தொழில்கள் அங்கே தமிழ் பிராமியில் வெட்டிக் கிடப்பதைக் கண்டோம். அந்த வணிகர்கள் வாழ்ந்த நாட்டில் வெள்ளி முத்திரைக் காசுகள் இருந்தன. போடிநாயக்கனூரில் ஒரே புதையலில் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தன. ரோமானியக் காசும் வந்தது. ஆனாலும் உமணன் வண்டி ஊருக்குள் நுழைந்தால் உப்புக்கு நெல்தான் அளந்தார்கள். காசு பெருவழிக்கு, நெல் ஊருக்கு. இந்த இரட்டைக் கணக்கு வெகுகாலம் நீடித்தது.

கும்பினி காலத்தில் காசு பெருகியது, குழப்பமும் பெருகியது. சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஊருக்கு ஊர் நாணயத்தின் எடை மாறும், மாற்றும் மாறும். சந்தைக்குப் போகிறவன் சராபுக் கடையில் வட்டம் கொடுத்துத்தான் காசை மாற்ற வேண்டும். 1818இல் சென்னை மாகாணத்துக்கு ரூபாய் வந்து, 1835இல் கும்பினி ஆட்சி முழுவதற்கும் ஒரே ரூபாய் என்றான பிறகுதான் இந்தத் தொல்லை தணிந்தது. காகித நோட்டுச் சட்டம் 1861இல். ஆக, நாம் ஏதோ ஆதிகாலத்து வழக்கம்போலப் பேசுகிற ‘ரொக்க வியாபாரம்’, எல்லாக் கடையிலும் எல்லோருக்கும் ஒரே மதிப்புள்ள நோட்டும் சில்லறையும் புழங்கும் வியாபாரம், நம் ஊரில் நூற்றைம்பது வருடத்துச் சங்கதிதான்.

அந்த நூற்றைம்பது வருடத்திலும் பெரிய தொகைகள் ரொக்கமாக நடமாடவில்லை. நகரத்தார் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் பெட்டியில் பணம் கட்டித் தூக்கிப் போகவில்லை; உண்டியல் எழுதினார்கள். பார்த்தவுடன் பணம் தரவேண்டிய தரிசன உண்டியல் ஒன்று, தவணை கழித்துத் தரவேண்டியது ஒன்று. எழுதியவர் யார் என்பதே அதற்கு ஈடு. செட்டிநாட்டுக் கதை இந்தத் தொடரின் எல்லைக்கு வெளியே இருப்பதால் அதை இவ்வளவோடு விடுகிறேன். நாகமலைக்கு நேரடியாகத் தொடர்புள்ள இன்னொன்று இருக்கிறது.

விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, மதுரை என்று நாடார் வணிகர்கள் கால் ஊன்றிய ஊர்களில் உறவின்முறை என்ற ஊர்ச் சங்கங்கள் உண்டு. மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு வியாபாரியும் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கும் சிறு தொகை மகமை. தனித்தனியாகப் பார்த்தால் காலணா, அரையணா. சேர்ந்தால் பேட்டை, பள்ளிக்கூடம், கோயில். 1910இல் தொடங்கிய நாடார் மகாஜன சங்கம், 1920இல் நடந்த தன் ஆண்டு விழாவில் சொந்தமாக ஒரு வங்கி வேண்டும் என்று முடிவெடுத்தது. அடுத்த ஆண்டே தூத்துக்குடியில் நாடார் வங்கி திறந்தாயிற்று. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. வங்கிகள் கடைக்காரர்களை வாசலில் நிற்க வைத்த காலத்தில், சில்லறை வியாபாரம் செய்தவர்கள் தங்கள் பணத்துக்குத் தாங்களே கட்டிக்கொண்ட வீடு அது. அதே சங்கம்தான் 1965இல் நாகமலையில் எஸ். வெள்ளைச்சாமி நாடார் கல்லூரியைத் தொடங்கியது. மதுரைக்கு இன்னொரு சொந்த வங்கியும் இருந்தது. ஆலை அதிபர் கருமுத்து தியாகராசர் 1943இல் நிறுவிய பேங்க் ஆஃப் மதுரா 2001இல் ஐசிஐசிஐ வங்கியோடு கலந்து பெயர் மறைந்தது. பழைய ஆட்களுக்கு இன்னும் அது மதுரா பேங்க்தான்.

கல்லூரி வந்ததற்கு மறு வருடம், 1966இல், மதுரைப் பல்கலைக்கழகம் பிறந்தது. நாகமலைக்கு மேற்கே பல்கலை நகர் எழுந்ததும், அதுவரை தேனி பஸ் நின்று போகும் ஒரு நிறுத்தமாக இருந்த புதுக்கோட்டைக்கு ஒரு புது வருமானம் வந்தது: வெளியூர்ப் பிள்ளைகளின் பணம். அது எப்படி வந்தது என்பதைக் கவனியுங்கள். கம்பத்திலோ ராமநாதபுரத்திலோ உள்ள அப்பா தபாலாபீசில் மணியார்டர் பாரம் எழுதுவார். அடியில் நாலு வரி எழுத ஒரு துண்டு இடம், ‘நலம். சிக்கனமாகச் செலவழிக்கவும்’ என்பதற்கு அது போதும். ஹாஸ்டல் வாசலில் தபால்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, எண்ணிக் கொடுப்பார். 1880 முதல் இந்த ஏற்பாடு இருந்தது. கடைசிக் காலத்தில் நூறு ரூபாய் அனுப்ப ஐந்து ரூபாய் கமிஷன். முதியோர் உதவித்தொகையும் பல பத்தாண்டுகள் மணியார்டராகத்தான் கிழவிகளின் கைக்கு வந்தது. பணம் ஊர் விட்டு ஊர் வந்தது காகிதமாக. கடைசி நூறடி மட்டும் ரொக்கமாக, தெரிந்த ஒரு மனிதரின் கையால். பழைய பாணி மணியார்டர் 2015இல் நின்றபோது பத்திரிகைகள் தந்திக்கு எழுதிய அளவுக்குக்கூட இரங்கல் எழுதவில்லை. எனக்கு அது இன்னும் மனக்குறைதான்.

அடுத்தது டி.டி., அதாவது வங்கியில் எடுக்கும் டிமாண்ட் டிராஃப்ட். மதுரைப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல் வழிக் கல்வியில் படித்த எவரையும் கேட்டுப் பாருங்கள். பாடம் மறந்திருக்கும், ‘மதுரையில் மாற்றத்தக்க’ டி.டி. மறந்திருக்காது. தூத்துக்குடியில் மளிகைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே பி.ஏ. படித்தவர், ஓசூரில் ஆலையில் இருந்துகொண்டு எம்.ஏ. எழுதியவர், எல்லோரும் அரைநாள் சம்பளத்தை விட்டு வங்கியில் சலான் நிரப்பி, ரொக்கம் கட்டி, கமிஷன் கட்டி, மறுநாள் வந்து அந்த நீளக் காகிதத்தை வாங்கிப் பதிவுத் தபாலில் நாகமலைப் பக்கம் அனுப்பினார்கள். பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால் திரும்பி வரும். ரொக்கமில்லாப் பரிமாற்றம் என்பது அப்போது ஏழைக்குச் செலவும் அலைச்சலுமாக இருந்தது. ரொக்கம்தான் சுகம். கையில காசு, வாயில தோசை.

அந்தச் சுகத்தில் ஒரு முள் இருந்தது. அதன் பெயர் சில்லறை.

டவுன் பஸ்ஸில் ‘சரியான சில்லறை கொடுக்கவும்’ என்று எழுதியிருக்கும். கொடுக்க முடியாதவருக்குக் கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் பாக்கியைக் கிறுக்கித் தருவார். இறங்கும்போது மறந்தால் போனது போனதுதான். மளிகைக் கடையில் ஒரு ரூபாய்க்குப் பதில் மிட்டாய், மருந்துக் கடையில் இரண்டு ரூபாய்க்குப் பதில் இருமல் மாத்திரை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் தவிர யாருக்கும் இதில் திருப்தி கிடையாது. இதோடு இன்னொரு கூத்தும் சேர்ந்துகொண்டது. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று ஒரு வதந்தி கிளம்பியது. நாணயத்தில் கோடுகள் பத்தா பதினைந்தா, ரூபாய்க் குறி இருக்கிறதா இல்லையா என்று பெட்டிக்கடையில் ஆராய்ச்சி நடந்தது. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே, இதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று அறிக்கை விட்டது. கலெக்டர்கள் எச்சரித்தார்கள். கடைக்காரர் அசையவில்லை: “நான் வாங்கிக்கிறேன்ணே, எங்கிட்ட யாரு வாங்குவா?” பணம் என்றால் என்ன என்பதற்குப் பொருளாதாரப் பாடநூல்கள் பல பக்கம் செலவழிக்கின்றன; இந்த ஒரு வரியில் அது முழுதும் இருக்கிறது.

இப்போது 2016 நவம்பருக்கு வரலாம். புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் ஒரே இரவில் செல்லாமல் போனது. 1978இலும் ஒருமுறை ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய் நோட்டுகளை ஒழித்தார்கள். அவற்றைக் கண்ணால் பார்த்தவர்களே அப்போது ஊரில் குறைவு என்பதால் கிராமம் தூங்கியது. இந்த முறை தப்பவில்லை. பழைய நோட்டு மாற்ற ஆளுக்கு 4,000 ரூபாய் என்றார்கள், பிறகு விரலில் மை வைத்தார்கள். புது நோட்டு அளவில் வேறு என்பதால் ஏ.டி.எம். இயந்திரங்களைத் திருத்த வேண்டியிருந்தது. கிடைத்தது ரோஸ் நிற இரண்டாயிரம். அதை நீட்டினால் சில்லறை கொடுக்க மதுரையிலேயே ஆளில்லை.

அந்த வாரங்களில் சாப்பாட்டுக்கு வழி செய்தது எது? யுபிஐ என்று இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் உருவாக்கிய அந்த ஏற்பாட்டை ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்த ரகுராம் ராஜன் 2016 ஏப்ரலில் அறிமுகப்படுத்தியிருந்தார். ஆகஸ்டில் வங்கிச் செயலிகள் வந்துவிட்டன. ஆனால் நவம்பர் 2016இல் இந்தியா முழுவதும் யுபிஐயில் நடந்த பரிமாற்றங்கள் மூன்று லட்சத்தைக்கூடத் தொடவில்லை. டிசம்பரில் இருபது லட்சம். இவ்வளவு பெரிய தேசத்துக்கு அது கொசு. பேடிஎம் பணப்பை நகரத்தில் கொஞ்சம் ஓடியது. மற்றபடி தேனி ரோட்டுக் குடும்பங்களைத் தாங்கியது அண்ணாச்சி கடையின் நீள நோட்டுதான். “கணக்குல எழுதிக்கங்க” என்ற பழைய வாக்கியம் மறுபடி உயிர் பெற்றது. ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று பலகை மாட்டிய கடைகளும் எழுதிக்கொண்டன. பால்காரர் எழுதிக்கொண்டார். வீட்டுக்காரர் அடுத்த மாத வாடகைக்குப் பொறுத்தார். சங்ககாலத்து நெல் அளவை, தரிசன உண்டியல், மகமை என்று நாம் பார்த்துவந்த அத்தனையும் எந்த அச்சில் சுழன்றதோ, அதே அச்சில்தான் அந்த மார்கழியும் கழிந்தது: ஆளைத் தெரியும், ஆகவே பரவாயில்லை. தெரியாத ஊரில் கூலிக்குப் போயிருந்தவனுக்கு அந்த வசதி இல்லை. பட்டபாடு முழுக்க அவனுடையது.

செல்லாமல் போன நோட்டில் 99 சதவீதத்துக்கு மேல் வங்கிக்கே திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கி 2018இல் சொன்னது. கறுப்புப் பணம் பற்றி அதற்கு மேல் நான் எழுத ஒன்றுமில்லை.

நம் ரோட்டை மாற்றியது அதற்கு முன்னும் பின்னும் வந்த சில சின்ன விஷயங்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து செல்போன் இணையம் தண்ணீர் விலைக்குப் போனது. 2017 செப்டம்பரில் கூகுளின் ‘தேஸ்’ வந்தது. கீறினால் பரிசு என்று ஆசை காட்டியது. மறு ஆண்டு அதுவே கூகுள் பே ஆகி, நம் வாயில் ஜிபே ஆனது. கியூ.ஆர். கட்டம் ஜப்பானில் டென்சோ நிறுவனத்தின் மசாஹிரோ ஹாரா 1994இல் கார் உதிரிபாகங்களைக் கண்காணிக்க உண்டாக்கிய குறி. அதை ஓர் அட்டையில் அச்சடித்து இளநீர் வண்டியில் கட்டினால் கடைக்காரருக்கு இயந்திரச் செலவே இல்லை. 2020 ஜனவரி முதல் யுபிஐ வாங்கும் வியாபாரியிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று அரசு சொன்னது. மணியார்டருக்கு நூற்றுக்கு ஐந்து கொடுத்த ஊருக்கு இது சாதாரணச் சேதியில்லை. பிறகு கொரோனா, நோட்டைத் தொடவே பயந்த காலம். இத்தனையும் சேர்ந்து, 2019 அக்டோபரில் மாதம் நூறு கோடித் தடவையைத் தாண்டிய யுபிஐ பரிமாற்றம், 2023 ஆகஸ்டில் ஆயிரம் கோடியையும் 2025 ஆகஸ்டில் இரண்டாயிரம் கோடியையும் தாண்டியது. கென்யாவில் 2007இலேயே எம்-பெசா வந்துவிட்டது. அங்கே முகவர் கடைகளும் குறுஞ்செய்தியும் செய்த வேலையை இங்கே வங்கிக் கணக்கும் கட்டம் போட்ட அட்டையும் செய்தன.

ஆனால் டீக்கடைக்காரருக்குப் பிடித்துப்போன காரணம் இதில் எதுவும் இல்லை. டீ பன்னிரண்டு ரூபாய், வடை எட்டு, இரண்டு பேர் குடித்து ஒருவர் மட்டும் தின்றால் முப்பத்திரண்டு. முப்பத்திரண்டை முப்பத்திரண்டாகவே வாங்கிவிடலாம். மிட்டாய் வேண்டாம், பத்து ரூபாய் நாணயச் சண்டை வேண்டாம், கல்லாவில் காலையிலேயே சில்லறை சேர்த்து வைக்க வேண்டாம். பாய்லர் பக்கம் நிற்கும்போதே, பணம் வந்ததை அறிவிக்கும் ஒலிபெருக்கிப் பெட்டி தமிழில் தொகையைச் சொல்லிவிடுகிறது. “சவுண்டு வந்துருச்சுண்ணே, கிளம்புங்க.” நூற்றைம்பது வருட ரொக்க யுகம் தீர்க்காமல் விட்ட சில்லறைத் தகராறுதான் அதற்கு எமனானது என்பது என் கணிப்பு. பெரிய நோட்டை ஒழித்த அரசாணையைவிடச் சின்ன நாணயத்தின் பற்றாக்குறை ஊரைச் சீக்கிரம் மாற்றியது. டவுன் பஸ்ஸில் மட்டும் சில்லறைச் சண்டை வேறு விதமாகப் பாதி தீர்ந்தது: 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமே இல்லை.

மதுரைப் பக்கத்தில் ரொக்கத்தின் கோட்டை என்று ஒன்று உண்டென்றால் அது மொய். கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபுகுதல் எதுவானாலும் பந்திக்குப் போகும் வழியில் மேசை போட்டு நோட்டோடு இருவர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பணம் வாங்க, ஒருவர் எழுத. ஊர், பெயர், தகப்பன் பெயர், தொகை. இது அன்பளிப்பு இல்லை. திரும்பச் செய்ய வேண்டிய கடன். செய்முறை செய்யாதவன் பெயர் இரண்டு தலைமுறைக்கு நிற்கும். உசிலம்பட்டி, செக்கானூரணி வட்டாரத்தில் இதைக் கம்ப்யூட்டர் மொய்யாக்கி, மடிக்கணினியில் ஏற்றி, உடனே ரசீது அச்சடித்துக் கொடுக்கும் தொழிலே வளர்ந்தது. பிறகு 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கூகுள் பே, போன்பே கட்டங்களை அச்சடித்திருந்தார்கள். கொரோனாவுக்குப் பயந்து வர முடியாதவர்கள் மொய் அனுப்ப வசதியாக. அந்தப் படம் நாடு முழுக்கச் சுற்றியது. சிரித்தவர்கள் உண்டு, ‘பிச்சைத் தட்டு’ என்று கரித்தவர்களும் உண்டு.

எனக்கென்னவோ சிரிப்பு வரவில்லை. மொய்யில் ரொக்கம் எப்போதும் இரண்டாம் பட்சம். நோட்டில் ஏறும் பெயர்தான் முதல். துபாயிலிருந்து மச்சான் அனுப்பிய ஐயாயிரம் போனில் வந்துவிட்டது. ஆனாலும் மாமா மேசைக்குப் போய், “அவன் பேருல எழுதிக்கங்க, ஜிபேல போட்ருக்கான்” என்று சொல்லி எழுத வைத்துவிட்டுத்தான் பந்திக்குப் போகிறார். போனில் இருக்கும் கணக்கு வங்கிக்குத் தெரியும். ஊருக்குத் தெரிய வேண்டுமே.

இங்கேதான் பழைய ரொக்கமின்மைக்கும் புதியதற்கும் உள்ள பெரிய வேற்றுமை. அண்ணாச்சி நோட்டைப் படிப்பவர் அண்ணாச்சி ஒருவர். உறவின்முறைக் கணக்கைப் பார்ப்பது உறவின்முறை. இப்போதோ இளநீர்க்காரரின் ஒவ்வொரு நாற்பது ரூபாயும் எழுதப்படுகிறது, எழுதுபவரை அவருக்குத் தெரியாது. 2025 ஜூலையில் பெங்களூரில் யுபிஐ வரவைக் கூட்டிப் பார்த்து, ஆண்டு வியாபாரம் 40 லட்சத்தைத் தாண்டியதென்று சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. உடனே பல கடைகளில் கட்ட அட்டை இறங்கி, ‘ரொக்கம் மட்டும்’ என்ற காகிதம் ஏறியது. வரி கட்டத்தான் வேண்டும், அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் காயின் அசல் விலையும், மச்சான் கைமாற்றாகப் போட்டதும், லாபமும் அந்தப் பெட்டியில் ஒரே குரலில்தான் ஒலிக்கும். காய்கறிக்காரருக்கு அதைப் பிரித்துச் சொல்ல ஆடிட்டர் கிடையாது. தினத் தண்டல்காரர்கூட இப்போது ஜிபேயில் வாங்குகிறார். கடைக்காரரின் கணக்கில் அதுவும் ஓர் எண்.

கட்டணமில்லை என்பதும் முழுக்கதை இல்லை. செலவை வங்கிகள் சுமக்கின்றன. 2,000 ரூபாய்க்கு உட்பட்ட சிறு வணிகப் பரிமாற்றத்துக்காக 2024-25க்கு அரசு 1,500 கோடி ஒதுக்கியது. சத்தம் போடும் பெட்டிக்கு மாத வாடகை உண்டு. யுபிஐயின் ஐந்தில் நான்கு பங்கு போன்பே, கூகுள் பே என்ற இரண்டு செயலிகள் வழியே போகிறது. ஒன்று வால்மார்ட்டின் கையில், மற்றது கூகுளின் கையில். காலணா மகமையில் வங்கி கட்டிய ஊரில் இருந்துகொண்டு இதைப் பார்க்கும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. 2025 ஏப்ரல் 12 அன்று யுபிஐ சில மணி நேரம் நாடெங்கும் தடுமாறியபோது பையில் நூறு ரூபாய் இல்லாதவர்கள் குடித்த டீக்கு முழித்தார்கள். ரொக்கத்தை ஏறக்குறைய மறந்தே போன ஸ்வீடன், போரோ இடரோ வந்தால் கையில் கொஞ்சம் நோட்டு இருக்கட்டும் என்று 2024இல் தன் குடிமக்களுக்கு வீடு வீடாகப் புத்தகம் அனுப்பியது.

சரி, ரொக்கம் ஒழிந்ததா? 2016 நவம்பரில் புழக்கத்தில் இருந்த பணம் சுமார் 18 லட்சம் கோடி ரூபாய். 2025 மார்ச்சில் 36 லட்சம் கோடிக்கு மேல். இரண்டு மடங்கு. யுபிஐ பரிமாற்றம் ஓராண்டில் 18,500 கோடி தடவை நடந்த அதே 2024-25இல் நோட்டும் இவ்வளவு. டீக்கடைக் கல்லாவில் அது இல்லை. பீரோவில் இருக்கிறது, பத்திரப்பதிவில் எழுதாத பாதி விலையில் இருக்கிறது, நகைக் கடையில் இருக்கிறது. நாகமலையிலிருந்து கூப்பிடு தூரத்துத் திருமங்கலத்தில் 2009 ஜனவரி இடைத்தேர்தல் இந்திய அரசியலுக்கு ஓட்டுக்குப் பணம் என்ற ‘ஃபார்முலா’வையே கொடுத்தது, அதற்குக் கட்ட அட்டை ஒத்துவராது. தேர்தல் வந்தால் பறக்கும் படை இந்த ரோட்டில் வண்டியை மறித்து 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் கணக்குக் கேட்கிறது. அப்போதும் மாட்டிக்கொள்பவர் பெரும்பாலும் சந்தைக்கு மாடு வாங்கப் போகிறவரும் பூக்கடைக்காரரும்தான்.

மூட்டைக்குக் காலணா என்று எடுத்த மகமை கல்லூரிக் கட்டடமானதன் உள்விவகாரங்களை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)